உதைக்கும் கட்டம்

சின்ன காஞ்சிபுரத்தில் அரங்கேறிய அந்தப் புதிய இசை நாடகத்தில் சிட்டிபாபுதான் கதாநாயகன். ஆனால், பெற்ற தாயையே உதைக்கும் குடிகாரன் வேஷம். அவனை மாப்பிள்ளை பார்க்க மாகறலிலிருந்து வந்த பெண் வீட்டார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"பாவி, நீ உருப்படுவியா?" என்று பாட்டுக்குப் பாட்டு கூட்டம் சபித்தது. ஒருத்தி மேடையேறி, தாய் வேஷம் கட்டிய விஷாலுக்குக் குடிக்கத் தண்ணீரே கொடுத்துவிட்டு இறங்கினாள்.

உதைக்கும் கட்டம் வந்தது. பெண்ணைப் பெற்ற அம்சா, "போதும், கிளம்புங்க" என்று எழுந்தாள். சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். கால் விஷாலின் முதுகில் பட்டது. மறுகணம் அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது.

திரை விழுந்ததும் நாடகம் எழுதிய பராங்குசம் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு உதை ஒழுங்கா உதைக்கத் தெரியலையேப்பா."

நாடகத்தோடு கல்யாணமும் போயிற்று என்று அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எதிரில் அம்சா வந்து நின்றாள்.

"மாப்ள, தட்டு மாத்த எப்ப வரட்டும்?"

"நான் உதைச்சேனேம்மா?"

"உதைச்சீங்க. கால் பட்டுடுச்சேன்னு உடனே குனிஞ்சு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினீங்களே, அதையுமா அந்த வாத்தியாரு எழுதிக் குடுத்தாரு?"