பொறுப்பாளர் கையெழுத்து

கதவுத் துளையில் ரெஹானின் முகத்தைப் பார்த்ததும் ஜமீலுன்னிசா முதலில் பேனாவைத்தான் தேடினாள்.

தம்பி மகன். மூன்று வாரமாக 'இதோ வர்றேன் பூபி' என்று போனிலேயே அத்தைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் ஒருவழியாக நேரில் வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கட்டிலைப் பிடித்து வைத்திருப்போம் என்று அடையாறு முதியோர் இல்லத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இன்று வியாழன்.

அறுபத்தெட்டு வயதில் தனியாக இருப்பவள் செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்து முடித்தாயிற்று. குளியலறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி. கீழ்வீட்டு ஷகீலாவிடம் ஒரு சாவி. அந்தக் கம்பியையும் மீறிப் போன மாதம் வழுக்கி விழுந்து, ஷகீலா வந்து பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்த பிறகுதான் இல்லத்துக்கு மனுப் போட்டாள்.

எல்லாம் சரி, சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உடம்புக்கு முடியாவிட்டால் வந்து பார்க்க, மவுத்தானால் வந்து எடுத்துப் போக.

அதற்குத்தான் ரெஹானுக்கு மனசு வரவில்லை. நான் உசுரோட இருக்கும்போது எங்க பூபியை ஹோம்ல விட்டா, பள்ளிவாசல்ல எந்த மூஞ்சியை வெச்சிக்கினு நிப்பேன் என்று போனில் குதித்தான். ரோஷக்காரன்தான். அந்த ரோஷம் சாந்தோமிலிருந்து மயிலாப்பூருக்கு வந்து அவளை ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தாள். அவன் உட்காரவில்லை. கண் சிவந்திருந்தது.

மாமியார் காலையில் மவுத்தாகிவிட்டாராம். அவன் மனைவி ஃபிசாவின் அம்மா. ஜமீலுன்னிசா இன்னாலில்லாஹி சொல்லி அவன் தோளைத் தொட்டாள். விஷயத்தைச் சொல்லிக் கையோடு கூட்டிப் போகத்தான் பிள்ளை வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

இல்லை. கஃபன் துணிக்கு வந்திருந்தான்.

மக்காவுக்கு உம்ரா போனபோது அவள் தனக்கென்று வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த ஐந்து துண்டு வெள்ளைத் துணி. என்னை இதில்தான் அடக்கணும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். மாமியாருக்கும் அப்படி ஒரு ஆசை இருந்ததாம். நீங்க தெம்பாத்தானே இருக்கீங்க பூபி, அடுத்து யாராவது மக்கா போறப்ப சொல்லி உங்களுக்கு வாங்கிக்கலாம் என்றான்.

மய்யித்துக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பீரோவைத் திறந்து, அத்தர் குப்பியோடு எடுத்துக் கொடுத்தாள். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய்.

அவன் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாந்தோமில் அவன் ஃப்ளாட்டில் கடல் காற்று வருகிற ஒரு சின்ன ரூம் உண்டு. தாயில்லாத பிள்ளையை வளர்த்து, நிக்காஹ் முடித்து வைத்து, அவனோடு அந்த ரூமில் இருந்தவள்தான் அவள். நாலு வருஷத்துக்கு முன் ஃபிசாவின் அம்மாவுக்குக் கையும் காலும் விழுந்துபோக, அந்த ரூமை அவருக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் இவளை இந்த வாடகை வீட்டில் கொண்டுவந்து விட்டான். ரூம் மட்டும் இருந்தா நாளைக்கே உங்களைக் கூட்டிக்கினு போயிடுவேன் பூபி என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்வான். அவளும் ஒவ்வொரு பெருநாளைக்கும் நம்புவாள்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாது. அங்கே மய்யித்து கிடக்கிறது. தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை.

"அந்த ரூம் இனிமே காலிதானே ரெஹான்?"

அவன் நிமிராமலே செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, அவ்வளவு நேரமும் உட்காராதவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஜமீலுன்னிசாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"அந்த ஹோம் ஃபாரத்தை எங்க வெச்சிருக்கீங்க பூபி?"

கஃபன் துணியை மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்து, கேட்டிருந்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டான். எதையும் படித்துப் பார்க்கவில்லை.