ஆறு பக்கமும் இரும்பு

"திறடா கதவை. நீதான்னு எனக்குத் தெரியும்."

ஸ்டோர்கீப்பர் கன்டெய்னர் கதவை ஓங்கி உதைத்தார். கால் வலித்ததுதான் மிச்சம். தாழ்ப்பாள் வெளியே, உள்பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது.

வெட்டவெளியில் ஒட்டி ஒட்டி நின்ற இரும்புப் பெட்டிகளில் ஒன்றில், துணி மூட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே வந்தவர் அவர். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தித் தாழ் விழுந்துவிட்டது. சனிக்கிழமை மதியம், கூலி ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காவலாள் எதற்கு, பூட்டு போதாதா என்று முதலாளியிடம் சொல்லிக் காவலாளை வேலையைவிட்டு நிறுத்தியவரும் அவரேதான்.

திங்கட்கிழமைதான் இனி ஆள் வரும். வெயிலில் பெட்டி தோசைக்கல்லாகக் காய்ந்தது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. திங்கள்வரை உயிர் தங்காது என்பது அவருக்கே தெரிந்தது.

ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. கதவு இடுக்கில் வைத்துப் பார்த்தார். மூட்டைமேல் ஏறி, மேலே காற்றுக்காக விட்டிருந்த துளைகளில் ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் நுழைந்தது, டவர் நுழையவில்லை.

லோடிங் வேலை பார்க்கும் மச்சினன் போன வாரமே சொன்னான். மனைவியின் தம்பி, சோறு போட்டு வேலையும் வாங்கிக் கொடுத்த பயல்.

"பெட்டிக்குள்ள நின்னா ஃபோன் வராது மாமா. ஆறு பக்கமும் இரும்பு. டவர்லேர்ந்து வர்றது இரும்போட மேல்தோல்லயே ஓடிடும், உள்ளே இறங்காது."

"எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்டா. ஃபோன் மேல ஏன் பழி போடுறே?"

நாலு பேர் முன்னால் கேட்டதில் அவன் முகம் செத்துப்போனது. இன்று காலை ஏழு மணியிலிருந்து அவனைப் பதினோரு தடவை கூப்பிட்டாயிற்று. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே அந்தப் பெண் குரல் ஒப்பித்தது. மட்டம் போட்டுவிட்டு எங்கோ மல்லாந்து கிடக்கிறான் என்று நினைத்தார். இப்போதல்லவா புரிகிறது, பதுங்கியிருந்து பழி தீர்த்திருக்கிறான்.

கடைசி லாரிக்காரன் சாத்தியிருக்கவும் வழியுண்டு. திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் தாழ் போடு, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் மனுஷனுக்கு அப்படி நல்லவிதமாக நினைத்துப் பழக்கமில்லை.

ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றிச் சுவரில் அறைந்தார்.

டங், டங்.

வலப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பியது. காலை முழுக்கக் காது கிழிய ஓடிய ஜெனரேட்டர் நின்றிருந்ததால் தெளிவாகவே கேட்டது. மூன்று தட்டினார். மூன்று வந்தது.

"கேலியாடா பண்றே?"

மறுபடி மூட்டைமேல் ஏறித் துளையில் வாயை வைத்தார். "யாரது?"

"நான்தான் மாமா." மச்சினன் குரல், கம்மியிருந்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று பட்டது.

"நெனச்சேன். உங்க அக்கா முகத்துக்காகப் பார்த்தேன், இல்லேன்னா என்னிக்கோ விரட்டியிருப்பேன்."

"மாமா, தண்ணி இருக்கா?"

"நக்கலா? நான் இங்கே நாக்கு வறண்டு கிடக்கேன்."

சொல்லிவிட்டுத்தான் பயம் வந்தது, கோபித்துக்கொண்டு போய்விட்டால்? பிறந்ததிலிருந்து யாரிடமும் தழைந்து பேசாத மனுஷன், துளையோடு உதட்டை ஒட்டிக்கொண்டார்.

"டேய், போயிடாதே. ஃபோன் வராதுன்னு நீ சொன்னது நெசந்தான்டா. நாலு பேர் முன்னால அப்படிப் பேசினது என் தப்பு. திங்கக்கிழமை அதே நாலு பேர் முன்னால சொல்றேன். கதவை மட்டும் திறந்துவிடு."

அந்தக் குரல் மெல்ல வந்தது.

"நீங்க திறங்க மாமா. காலையில எட்டிப் பார்க்காம என்னை உள்ளே வெச்சுத் தாழ் போட்டது நீங்கதானே?"