கோணல் கோடுகள்

"மாமா, இந்த வண்டியெல்லாம் எப்ப தீரும்?"

பள்ளிக்கு எதிரே ரோட்டைத் தாண்ட முடியாமல் நின்ற தங்கை மகள் இப்படிக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து, அங்கே வெள்ளைக் கோடு போடச் சொல்லி மாதம் ஒரு மனு கொடுத்துவந்தார் பெயின்டர். இந்த மாத நகர மன்றக் கூட்டத்திலோ பிளேட்டைத் திருப்பிப் போட்டார்.

"தலைவரம்மா, பள்ளிக்கூடத்து முன்னால யாரோ அனுமதியில்லாம கோடு போட்டிருக்காங்க. அதுவும் பாம்பு நெளியற மாதிரி."

"கோடு வேணும்னு கேட்டதே நீங்கதானே?"

"கேட்டேன். அதுக்காக இப்படியா கிறுக்குறது? பார்க்கிறவங்க மன்றம் போட்டதுன்னுல்ல நினைப்பாங்க?"

தலைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கே அதை அழிச்சுட்டு, நாமளே நேராப் போடணும்" என்று பொறியாளருக்கு உத்தரவிட்டார்.

மறுநாளே நூல் பிடித்தாற்போல் கோடுகள் வந்தன. வண்டிகள் நின்றன, பிள்ளைகள் கடந்தார்கள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பெயின்டர் மன்றத்தின் கிடங்குக்குள் நுழைந்தார். போன வாரம் சொல்லாமல் எடுத்துப்போன வெள்ளை பெயின்ட் டின் இருந்த இடத்தில் புது டின் ஒன்றை வைத்தார்.

"கடவுளே, எடுத்ததை வச்சுட்டேன். முப்பது வருஷத் தொழில்ல கோணலாப் போட்டது இது ஒண்ணுதான். மன்னிச்சுடு."