சிலிக்கானில் ஒரு விடுப்புக் கடிதம்

எப்சிபா தாளில் எழுதிக் கொடுத்த மூன்று விடுப்புக் கடிதங்களும் இயக்குநரின் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தன. நான்காவதை அவள் சிலிக்கானில் எழுதினாள். ஆய்வகத்தில் அவள் வேலையே அதுதான். கண்ணுக்குத் தெரியாத பல லட்சம் தூண்களைத் தட்டையான ஒரு சில்லின் மேல் நட்டு, ஒளி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பது. சில்லு மிளகளவுதான். வெறுமனே பார்த்தால் ஒன்றுமில்லை. சிவப்பு லேசரை அதன்மேல் அடித்தால் எதிர்ச்சுவரில் எழுத்து விழும். மற்ற வேலைகளுக்கு நடுவே ஐந்து வாரம் பிடித்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் விளக்கை அணைத்தாள். இயக்குநர் குலோத்துங்கன் சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாய்விட்டுப் படித்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு மிகவும் தூக்கம் வருவதால் நான்கு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து சுவரருகே போனார். கடிதத்தில் பாதி அவர் சட்டைமேல் விழுந்தது.

"பிரமாதம்மா! சுழியெல்லாம் என்ன சுத்தமா விழுந்திருக்கு! 'தூக்கம்'ங்கிற இடத்துலதான் கொஞ்சம் மங்கல். அடுத்த மாசம் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள சரிபண்ணிடுங்க. அதுவரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

"சரி சார்" என்றது எப்சிபாவின் வாய். குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்: தூக்கம் போதவில்லை.