மூன்று குழாய்கள்

“இந்த நாலு பேருக்கும் மூணு குழாயிலயும் கொரோனா. வார்டுக்கு அனுப்பிடு,” என்றாள் பிலிப்பைன்ஸின் செபு நகர ஆய்வகத்தில் கணித நிபுணரான லூர்தெஸ்.

டெஸ்ட் கிட்டை மிச்சப்படுத்த, ஒரே குழாயில் பலர் சளியைக் கலந்து சோதித்தார்கள். அவள் போட்ட கணக்கில் ஒவ்வொருவர் சளியும் மூன்று குழாய்களில் கலக்கும்; மூன்றிலும் கிருமி தெரிந்தால் அவருக்குத் தொற்று. எந்த இருவரும் ஒரு குழாய்க்கு மேல் ஒன்றாகச் சேரமாட்டார்கள்.

“இதுல ரொமுலோ அண்ணனுக்குக் காய்ச்சலே இல்லக்கா. மத்த மூணு பேரும் ஆளுக்கொரு குழாய்ல சேர்ந்து அவரை மாட்டிவிட்டிருக்கலாம். அவருக்குத் தனியா ஒரு டெஸ்ட் எடுப்போம்,” என்றாள் நர்ஸ் திவினா.

“ஆளுக்கொரு நியாயமா? அனுப்பு.”

அடுத்த வாரம் திவினா தயங்கி வந்தாள். “அண்ணனோட பழைய சளியைத் தனியாப் பார்த்தேன்க்கா. அன்னிக்கு அவருக்கு ஒண்ணுமில்ல.”

“அப்போ வெளிய கூட்டிட்டு வா!”

“வார்டுல தொத்திடுச்சுக்கா. இப்பத்தான் வென்டிலேட்டர் வெச்சாங்க.”



“வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே தனியா எடுத்திருப்பேன், திவினா. என் புருஷனுக்குச் சலுகை காட்டுறேன்னு பேசுவாங்களேன்னுதான்...”