சிரிக்கிற மூஞ்சி

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். முகங்கள் வரைந்த அட்டையை நர்ஸ் நீட்டினாள்.

“எவ்வளவு வலிக்குதுடா கண்ணு? எந்த மூஞ்சி?”

ஆறு வயதுச் சிறுமி சிரிக்கும் முகத்தைத் தொட்டாள்.

“உதட்டைக் கடிச்சுக்கிட்டே இருக்கா சிஸ்டர்,” என்றாள் அம்மா.

“பொம்மைக்குத் தலை வாரிக்கிட்டு இருக்காம்மா. வலிக்கிற பிள்ளை விளையாடுமா? நீங்கதான் சும்மா பயப்படுறீங்க.”

‘வலி இல்லை’ என்று எழுதினாள் நர்ஸ். “அப்போ இந்த சிரப் தேவையில்ல.”

“சிரப்பா? ஊசி இல்லையா?” என்றாள் சிறுமி.

“ஊசியைக் காலையிலேயே நிறுத்தியாச்சு. வலிச்சா இனிமே குடிக்கிற மருந்துதான்.”

சின்ன விரல் அட்டையில் மெல்ல நகர்ந்து, கடைசியில் இருந்த அழும் முகத்தில் நின்றது.

“நேத்துலேர்ந்தே இதுதான் சிஸ்டர். ஊசி இல்லைன்னு முதல்ல சொல்லிட்டுத்தானே கேக்கணும்?” என்றாள் சிறுமி.