சவப்பெட்டிச் சிரிப்பு

பாங்காக்கின் பேய்ப்படக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் சேர்ப்பதற்காக முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை ஓடவிட்டாள் படத்தொகுப்பாளர் லம்யாய். கதாநாயகி துவாங்ஜாய் சவப்பெட்டியில் கிடந்தாள். 'கட்' சொன்ன பிறகும் சிரிக்கவில்லை.

வாய்ப்புக் கேட்டு வந்திருந்த துவாங்ஜாய் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

"அன்னைக்கு நீ சிரிக்கவே இல்லையேடி!"

"பெட்டிக்குள்ளயே தூங்கிட்டேன்க்கா. அதை விடுங்க, இதுல எனக்கு என்ன வேஷம்?"

"செத்தவ திரும்பி வர்றதெல்லாம் பழைய கதைன்னுட்டார் டைரக்டர். ஃபோட்டோவுல மாலையோட தொங்குவ."

"இருங்க, இப்பவே சிரிச்சுடறேன். அப்புறம் எப்படி வராமப் போறேன்னு பாக்கலாம்."

துவாங்ஜாய் திரையைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தாள். திரையில் கிடந்தவளும் சிரித்தாள். பிறகு எழுந்து, மேலிருந்த பூக்களைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தாண்டி நடந்து மறைந்தாள்.

லம்யாய் திரும்பினாள். நாற்காலியில் துவாங்ஜாய் கண்களை மூடி, மார்பில் கைகூப்பியிருந்தாள். தொட்டால் சில்லென்றிருந்தது.

அறைக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா, இப்ப எனக்கு வேஷம் உண்டுல்ல?"